மென்பொருட் பொதிகளும் தொண்டர் பராமரிப்பும்

நீர்ப்பாசனத் திட்டமாயினும், சாலைத் திட்டமாயினும், அமைப்பதற்கு ஒதுக்கப்படும் கவனம் பராமரிப்பிற்கு ஒதுக்கப்படுவதில்லை என்பது திட்டப் பணிகளில் அனுபவம் உள்ள அனைவரும் அறிந்த உண்மையாகும். புதிய அணைக்குத் திறப்பு விழா உண்டு. மதகில் எண்ணெய் இடுவதற்கு விழா எதுவும் இல்லை. கணிப்பொறித் துறையும் இதற்கு விலக்கல்ல. ஒரு மென்பொருளை எழுதியவரின் பெயர் வெளியே தெரிகிறது. அதைப் பல்லாயிரம் கணிப்பொறிகளில் குறையின்றி இயங்கச் செய்து, ஆண்டுக்கணக்கில் காத்துவருபவரின் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லை. இவ்வாறு காத்துவருவோரில் கணிசமானோர் ஊதியம் பெறாத தொண்டர்கள் ஆவர். அவர்கள் ஆற்றும் பணி யாது, அப்பணியில் ஒருவர் சேர்வது எவ்வாறு, நம் நாட்டிற்கு இதனால் விளையும் பயன் என்ன என்பனவற்றை, இத்துறையில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றுள்ள புனே நகரை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

பொதி என்பது யாது?

திறமூல மென்பொருள் என்பது அதன் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமம் அளிக்கும் மென்பொருளாகும். ஆனால் மூல நிரலை அப்படியே பெற்றுப் பயன்படுத்துதல் சாதாரணப் பயனாளர்க்கு இயலாத செயல். நெல்லை அரிசியாக்கி, கல் நீக்கி, எடையிட்டு, மூட்டையாக்கி நியாயவிலைக் கடைக்கு அனுப்புவதைப் போன்று, மூல நிரலை இயங்கும் வடிவிற்கு மாற்றி, அதற்குத் தேவையான பிற மென்பொருள்கள் எவை எனக் குறித்து, உரிமத்தைச் சரிபார்த்து, எளிதில் நிறுவவும் நீக்கவும் கூடியவாறு கட்டித் தருதல் வேண்டும். அவ்வாறு கட்டப்பட்டதே பொதி எனப்படுகிறது. ஆயிரக்கணக்கான பொதிகளை ஒன்றோடொன்று முரண்படாதவாறு திரட்டி அளிக்கும் முழுமையான அமைப்பு வழங்கல் எனப்படுகிறது. டெபியன், ஃபெடோரா ஆகியன இத்தகைய லினக்ஸ் வழங்கல்களில் முதன்மையானவை.

டெபியன் திட்டம் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான அதன் 13-ஆம் பதிப்பில் 69,000-க்கும் மேற்பட்ட பொதிகள் அடங்கியுள்ளன. இதன் உறுப்பினர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஃபெடோரா திட்டம் 2003-ஆம் ஆண்டில் ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவுடன் தோன்றியது. தொடக்கத்தில் நிறுவனப் பணியாளர்கள் காத்துவந்த அடிப்படைப் பொதிகள் ஒருபுறமும், தொண்டர்கள் காத்துவந்த கூடுதல் பொதிகள் மறுபுறமுமாக அது பிரிந்திருந்தது. 2007-இல் ஏழாம் பதிப்பு வெளியானபோது இப்பிரிவினை நீக்கப்பட்டு, நிறுவனத்தின் பணியாளரும் வெளியிலுள்ள தொண்டரும் ஒரே விதிகளின்கீழ் பணியாற்றும் நிலை ஏற்பட்டது.

புனே நகரின் இடம்

கணிப்பொறியில் இந்திய மொழிகளை இடம்பெறச் செய்த முயற்சியில் புனே நகரம் தொடக்க காலம் முதலே முன்னிலை வகித்து வந்துள்ளது. 1988-ஆம் ஆண்டில் மத்திய அரசு நிறுவிய உயர்நிலைக் கணிப்பியல் வளர்ச்சி மையமாகிய சி-டாக் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறி 1991-இல் இங்கு உருவாயிற்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஜிஸ்ட் என்னும் இந்திய மொழித் தொழில்நுட்பமும் இம்மையத்தில் வளர்க்கப்பட்டது.

பின்னர் நகரின் கிழக்கே ஹடப்சர் பகுதியிலுள்ள மகர்பட்டாவில் ரெட் ஹாட் நிறுவனத்தின் பொறியியல் பிரிவு அமைந்தபோது, இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்புகள், மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றைக் கட்டிக் காக்கும் பணி இங்கு வேரூன்றியது. புனேயைச் சேர்ந்த மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனம் வழங்கிய எழுத்துருக்களைக் கொண்டு லோஹித் என்னும் எழுத்துருக் குடும்பம் வெளியிடப்பட்டது. தமிழ், மராத்தி, இந்தி, வங்காளம், தெலுங்கு முதலிய பல மொழிகளுக்கு இது பயன்பட்டது. 2011 செப்டம்பரில் இதன் உரிமம், எழுத்துருக்களுக்கென வகுக்கப்பட்ட எஸ்.ஐ.எல். திறந்த உரிமமாக மாற்றப்பட்டது. ஃபெடோராவில் மட்டுமன்றி டெபியனிலும் லோஹித் தமிழ் எழுத்துரு பொதியாகக் கிடைக்கிறது. ஒரு வழங்கலின் சார்பில் செய்த உழைப்பு மற்றொரு வழங்கலின் பயனாளர்க்கும் சென்று சேர்வது திறமூலத் துறையின் சிறப்பியல்பாகும்.

நகரின் கல்லூரிகளும் இம்முயற்சிக்குத் துணை நின்றன. சிம்பயோசிஸ் கணிப்பொறிக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் க்னுநிஃபை என்னும் திறமூல மாநாடு பல ஆண்டுகள் நடைபெற்றது. ஃபெடோரா பயனாளர் மற்றும் உருவாக்குநர் மாநாடு 2011 நவம்பர் 4 முதல் 6 வரை புனே பொறியியற் கல்லூரியில் கூடியது; 2015 ஜூன் மாதத்தில் மீண்டும் புனேயில் நடந்தது. இத்தகைய கூட்டங்களில் பொதி கட்டும் முறையை மாணவர்க்கு நேரில் கற்பித்தல் வழக்கமாயிற்று. நூலில் படித்து அறிய இயலாத பலவற்றை, அனுபவமுள்ள ஒருவர் அருகில் அமர்ந்து ஒரு நாளில் கற்பித்துவிட இயலும்.

ஒரு குறியீட்டின் பயணம்

பராமரிப்பாளரின் பணியை விளக்க இந்திய ரூபாயின் குறியீடே தக்க எடுத்துக்காட்டாகும். தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த குறியீட்டை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஒருங்குறித் தரத்தின் 6.0 பதிப்பில் அதற்கென ஓர் எண் ஒதுக்கப்பட்டது. ஆயினும் எண் ஒதுக்கப்பட்டதால் மட்டும் அக்குறியீடு ஒரு வட்டாட்சியர் அலுவலகக் கணிப்பொறியின் திரையில் தோன்றிவிடாது. ஒவ்வொரு எழுத்துருவிலும் அவ்வடிவம் வரைந்து சேர்க்கப்படவேண்டும். விசைப்பலகையில் எந்த விசைகளை அழுத்தினால் அது வரும் என்று வரையறுக்கப்படவேண்டும். எழுத்துருவின் புதிய பதிப்பு பொதியாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு வழங்கலிலும் சோதிக்கப்பட்டு, பயனாளரின் கணிப்பொறிக்கு மேம்படுத்தலாகச் செல்லவேண்டும். இவற்றில் எந்த ஒரு படி விடுபட்டாலும், குறியீடு இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டமே தோன்றும். அமைச்சரவையின் முடிவிற்கும் அலுவலகத் திரைக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கச் செய்வோரில் பொதிப் பராமரிப்பாளரும் ஒருவர்.

பராமரிப்பாளரின் கடமைகள்

ஒரு பொதிக்குப் பொறுப்பேற்பவரின் கடமைகளை ஐந்தாக வகுக்கலாம். முதலாவதாக, மூல ஆசிரியர் புதிய பதிப்பு வெளியிடும்போது அதனை ஆராய்ந்து, பொதியைப் புதுப்பித்தல். இரண்டாவதாக, பயனாளர்கள் தெரிவிக்கும் பிழைகளைப் பெற்று, அவை பொதியில் நேர்ந்தவையா, மூல நிரலில் உள்ளவையா எனப் பிரித்தறிந்து, பின்னவற்றை மூல ஆசிரியர்க்கு அனுப்புதல். மூன்றாவதாக, பாதுகாப்புக் குறைபாடு வெளிப்படும்போது காலதாமதமின்றித் திருத்தம் வழங்குதல். நான்காவதாக, தம் பொதி சார்ந்துள்ள பிற பொதிகள் மாறும்போது அதற்கேற்பச் சீர்செய்தல். ஐந்தாவதாக, உரிமம் தொடர்பான விதிகள் மீறப்படாமல் கண்காணித்தல்.

இவற்றுள் நான்காவது கடமையே புதியவர்களால் அதிகம் உணரப்படாதது. மென்பொருள் இரும்பைப் போல் துருப்பிடிப்பதில்லை; எத்தனை பேர் பயன்படுத்தினாலும் தேய்வதுமில்லை. ஆனால் அதனைச் சுற்றியுள்ள நிரலகங்களும், மொழிமாற்றிகளும், வன்பொருள்களும் இடைவிடாது மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு வரியும் திருத்தப்படாமல் விடப்பட்ட மென்பொருள் சில ஆண்டுகளில் இயங்காமற் போவதற்கு இதுவே காரணம். ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்பும் சுமார் 13 மாதங்கள் ஆதரவு பெறுகிறது. ஆகவே பராமரிப்பாளர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கவனிக்க வேண்டியவராகிறார்.

தொண்டராகும் முறை

ஃபெடோராவில் சேர விரும்புபவர் முதலில் தமக்கென ஒரு கணக்குத் தொடங்கி, பங்களிப்பாளர் உடன்பாட்டை ஏற்கவேண்டும். பின்னர், இதுவரை பொதியாகக் கட்டப்படாததும், ஏற்கத்தக்க உரிமம் கொண்டதுமான ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதே நலம். ஏனெனில் அதன் குறைகளை முதலில் உணர்பவர் அவரே ஆவார்.

அடுத்து, ஸ்பெக் எனப்படும் விவரக்கோப்பை எழுதவேண்டும். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், உரிமம், அது கட்டப்படுவதற்கும் இயங்குவதற்கும் தேவையானவை, கட்டும் படிகள், நிறுவப்படும் கோப்புகள், மாற்றங்களின் வரலாறு ஆகியன இதில் வரிசையாக இடம்பெறும். இக்கோப்பைக் கொண்டு, மாக் என்னும் கருவியின் துணையால், வேறு எதுவும் நிறுவப்படாத தூய சூழலில் பொதியைக் கட்டிப் பார்க்கவேண்டும். தம் கணிப்பொறியில் தற்செயலாக இருந்த ஒரு நிரலகத்தின் உதவியால் பொதி கட்டப்பட்டதா, உண்மையிலேயே தேவையானவை அனைத்தும் குறிக்கப்பட்டுள்ளனவா என்பது இச்சோதனையில் வெளிப்படும்.

இதன்பின் பக்சில்லா என்னும் பிழைப்பதிவு அமைப்பில் மதிப்பாய்வு வேண்டி விண்ணப்பிக்க வேண்டும். வேறொரு பராமரிப்பாளர் விவரக்கோப்பை வரிவரியாக ஆராய்ந்து குறைகளைச் சுட்டுவார். முதன்முறையாக வருபவர்க்கு ஒரு ஸ்பான்சர், அதாவது அவர்க்குப் பொறுப்பேற்று வழிகாட்டும் அனுபவசாலி, தேவை. ஸ்பான்சர் எதிர்பார்ப்பது பட்டத்தையோ சான்றிதழையோ அன்று. விண்ணப்பதாரர் பிறருடைய விண்ணப்பங்களைத் தாமே முன்வந்து ஆராய்ந்து கருத்துக் கூறியுள்ளாரா, சுட்டிய குறையை விளங்கித் திருத்தினாரா என்பதே கவனிக்கப்படுகிறது. ஒப்புதல் கிடைத்ததும், பொதி கோஜி என்னும் மைய அமைப்பில் கட்டப்படுகிறது. பின்னர் போதி என்னும் அமைப்பின் வழியாகச் சோதனைப் பகுதிக்குச் சென்று, பயனாளர் கருத்துக் கூற வாய்ப்பளித்த பின்னரே நிலையான பகுதியை அடைகிறது.

டெபியனின் வழிமுறை சிறிது வேறுபட்டது. பொதி கட்டும் எண்ணத்தை முதலில் பொதுவில் அறிவிக்க வேண்டும். இதனால் ஒரே மென்பொருளில் இருவர் தனித்தனியே உழைப்பது தவிர்க்கப்படுகிறது. புதியவரின் பொதியை உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துத் தம் பொறுப்பில் பதிவேற்றுவார். நம்பிக்கை வளர்ந்தபின், குறிப்பிட்ட பொதிகளைத் தாமே பதிவேற்றும் டெபியன் பராமரிப்பாளர் நிலையையும், அதன்பின் முழு உறுப்பினர் நிலையையும் அடையலாம். இதற்கு, விண்ணப்பதாரரின் மின்னணுச் சாவியில், அவரை நேரில் சந்தித்து அடையாளத்தைச் சரிபார்த்த உறுப்பினரின் கையொப்பம் இருத்தல் பொதுவான விதியாகும். உலகெங்கும் சிதறியுள்ள தொண்டர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாண்டு மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடைபெற்றது.

கைவிடப்பட்ட பொதிகள்

தொண்டர்க்குப் பணி மாற்றம் வரலாம், குடும்பப் பொறுப்புகள் கூடலாம், ஆர்வம் குன்றலாம். நிறுவனப் பணியாளராக ஒரு பொதியைக் காத்தவர் வேறு நிறுவனத்திற்குச் செல்லலாம். ஆகவே பொறுப்பை விட்டுக்கொடுப்பதற்கும் முறையான ஏற்பாடு உள்ளது. விடப்பட்ட பொதி அநாதைப் பொதியாக அறிவிக்கப்படும். ஃபெடோராவில் ஆறு வாரங்களுக்குள் எவரும் ஏற்காவிடில் அது வழங்கலிலிருந்து விலக்கப்படும். அதனைச் சார்ந்துள்ள பிற பொதிகளுக்கும் அப்போது இடர் நேரும். டெபியனிலும் இத்தகையவற்றின் பட்டியல் பொதுவில் வைக்கப்படுகிறது. புதிய பொதியைக் கட்டுவதைக் காட்டிலும், இப்பட்டியலிலிருந்து ஒன்றைத் தத்தெடுப்பது தொடக்கநிலைத் தொண்டர்க்கு எளிது. சமூகத்திற்கும் அதிகப் பயனுடையது. தமக்கு இயலாதபோது வெளிப்படையாக அறிவித்து விலகுவதும் நல்ல பராமரிப்பாளரின் இலக்கணமே. பெயரை வைத்துக்கொண்டு பணியைச் செய்யாதிருப்பதே தீங்கு விளைவிக்கும்.

பிழையின் விலை

இப்பணி எளியதெனத் தோன்றினும், அதன் விளைவுகள் எளியன அல்ல. டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் 2006-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம் இதனைத் தெளிவுறுத்தும். ஒரு சோதனைக் கருவி எழுப்பிய எச்சரிக்கையை நீக்கும் நல்லெண்ணத்துடன் சில வரிகள் விலக்கப்பட்டன. மறைக்குறிச் சாவிகளை ஊகிக்க இயலாதவாறு செய்யும் சமவாய்ப்புத் தன்மை அவ்வரிகளிலேயே அடங்கியிருந்தது. எஞ்சியது 32,768 வாய்ப்புகளை மட்டுமே கொண்ட செயல் எண்ணாகும். இக்குறை 2008 மே 13 அன்று அறிவிக்கப்படும்வரை, அப்பொதியைக் கொண்டு உருவாக்கப்பட்ட சாவிகள் ஊகிக்கத்தக்கனவாகவே இருந்தன. மூல நிரலில் கை வைக்கும் திருத்தத்தை மூல ஆசிரியர்களே முறையாக ஆராய்ந்து ஏற்கச் செய்யவேண்டும் என்பது இதன் பாடம்.

2024-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இன்னும் கடுமையானது. எக்ஸ்இசட் என்னும் தரவுச்சுருக்க மென்பொருளை நெடுங்காலம் ஒரே தொண்டர் காத்துவந்தார். அவருடைய சுமையைப் பகிர்வதாக, ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பயனுள்ள பங்களிப்புகள் அளித்து நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளரானார். பின்னர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழிசெய்யும் கள்ளநிரல் மறைத்து வைக்கப்பட்டது. டெபியன் வகை, ஃபெடோரா வகைப் பொதிகள் கட்டப்படும்போது மட்டும் செயற்படுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. கணிப்பொறி நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடிச் சென்று 2024 மார்ச் 29 அன்று உண்மையை வெளிப்படுத்தினார். டெபியனில் அப்பதிப்புகள் சோதனைப் பகுதிகளில் மட்டுமே புகுந்திருந்தன. அதன் நிலையான பதிப்பை அடையவில்லை. படிப்படியான சோதனை முறையின் மதிப்பு இங்கு தெளிவாகிறது. உலகமே நம்பியிருக்கும் ஒரு மென்பொருளை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றி வைப்பதன் அபாயமும் அவ்வாறே தெளிவாகிறது.

பொருளியல் நோக்கு

பொருளியலார் பொதுப்பண்டங்களை ஆராயும்போது, பயனைப் பெற்றுச் செலவில் பங்கேற்காதிருக்கும் மனப்போக்கைக் குறிப்பிடுவர். திறமூல மென்பொருளில் பண்டம் குறைவதில்லை. எனவே பயன்படுத்துவோர் பெருகுவதால் நேரடிக் கேடு இல்லை. ஆனால் பராமரிப்பாளரின் நேரமும் கவனமும் அளவுடையன. பயனாளர் பெருகப் பெருகப் பிழை அறிவிப்புகளும் கோரிக்கைகளும் பெருகுகின்றன. உழைப்போர் தொகை அதே வீதத்தில் பெருகுவதில்லை.

பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க இயலும் என்பதை உலகின் பல பகுதிகளிலிருந்து சான்று காட்டி நிறுவியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நம் நாட்டிற்கு இக்கருத்து புதியதன்று. தமிழகத்தின் குடிமராமத்தும், மகாராஷ்டிரத்தின் நாசிக், துலே மாவட்டங்களிலுள்ள பட் என்னும் பாசன முறையும் இவ்வகையின. ஏரி நீரைப் பெறும் ஒவ்வொருவரும் கரை உயர்த்த ஆள் அனுப்பக் கடமைப்பட்டவர். மதகைக் கண்காணிக்கும் நீர்க்கட்டிக்கு விளைச்சலில் பங்கு உண்டு. உழைப்பும் பயனும் இவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தவரை ஏரிகள் காக்கப்பட்டன. அப்பிணைப்பு தளர்ந்த இடங்களில் மண் மேடிட்டது. மென்பொருட் பொதிகளின் நிலையும் இதுவே. நீர் பெறுவோர் பலர். கரைக்குச் செல்வோர் சிலர்.

அரசும் கல்வி நிலையங்களும்

திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் அறிவித்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய மொழி இயக்க அமைப்பு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே முகமறியா ஒரு டெபியன் தொண்டர் இரவில் செய்யும் திருத்தம் நம் அரசு அலுவலகங்களையும் வந்தடையக்கூடும். உரிமக் கட்டணம் இல்லை என்பதைப் பராமரிப்புச் செலவே இல்லை எனப் பொருள்கொள்வது தவறாகும். அச்செலவை இப்போது வேறொருவர் ஏற்கிறார் என்பதே உண்மை.

இதனின்று சில நடைமுறைக் கருத்துகள் பிறக்கின்றன. திறமூல மென்பொருளைப் பெருமளவில் பயன்படுத்தும் அரசு நிறுவனங்கள், தாம் சார்ந்துள்ள பொதிகள் எவை, அவற்றைக் காப்போர் எத்தனை பேர் என்னும் பட்டியலை வைத்திருத்தல் வேண்டும். ஒருவரால் மட்டும் காக்கப்படும் இன்றியமையாத பொதிகளுக்குத் தம் தொழில்நுட்பப் பணியாளரில் சிலரை, அலுவல் நேரத்தின் ஒரு பகுதியில், இணைப் பராமரிப்பாளராகச் செயற்பட அனுமதித்தல் நலம். அலுவலகத்தில் செய்துகொள்ளும் திருத்தங்களை அலுவலகத்திலேயே முடக்கி வைக்காமல், மூல ஆசிரியர்க்குத் திருப்பி அனுப்புவதை ஒப்பந்த விதியாகவே சேர்க்கலாம். இவ்வாறு செய்தால், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அதே திருத்தத்தை மீண்டும் செய்யும் வீண் செலவும் மிஞ்சும்.

பொறியியல், கணிப்பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப்பணியாகப் புதிய மென்பொருள் ஒன்றை எழுதுமாறு மாணவர்களைப் பணிக்கின்றன. தேர்விற்குப்பின் அவற்றுட் பெரும்பாலானவை மறக்கப்படுகின்றன. அதற்கு மாற்றாக, அநாதைப் பொதி ஒன்றை ஏற்று ஓராண்டு காத்துவருவதையும் திட்டப்பணியாக ஏற்கலாம். பிறர் எழுதிய நிரலைப் படித்தல், உரிம விதிகளை அறிதல், அயல்நாட்டு மதிப்பாய்வாளரின் கண்டிப்பான கருத்தை ஏற்றுத் திருத்துதல் ஆகிய பயிற்சிகள் வேறெவ்வகையிலும் எளிதில் கிட்டா. இவை அனைத்தும் பொதுவில் பதிவாவதால், வேலை தேடும் இளைஞர்க்கு அதுவே சான்றாகவும் அமைகிறது.

தமிழைப் பொறுத்தவரை இத்தேவை மேலும் மிகுதி. தமிழ் எழுத்துரு, சொற்பிழை திருத்தி, எழுத்துணர் கருவி போன்றவற்றில் ஏற்படும் குறையை வேற்றுமொழியாளர் கண்டறிய இயலாது. ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றினால், அதைப் பிழையென அறிபவர் தமிழ் படிக்கத் தெரிந்தவரே. அவர் அதனைப் பதிவு செய்யாவிடில், அப்பிழை பதிப்புக்குப் பதிப்பு தொடரும்.

பெரும் மூலதனமோ, விலையுயர்ந்த கருவிகளோ இப்பணிக்குத் தேவையில்லை. ஒரு சாதாரணக் கணிப்பொறியும், பொறுமையும், ஏற்ற பொறுப்பைத் தொடர்ந்து ஆற்றும் ஒழுங்குமே தேவை. புனேயில் கல்லூரியும், நிறுவனமும், ஆர்வலர் குழுவும் ஒன்றிணைந்தபோது இத்தகைய பயிற்சி சாத்தியமாயிற்று. கோவை, மதுரை, திருச்சி போன்ற கல்வி நகரங்களிலும் அதற்குரிய சூழல் உள்ளது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பொதியையேனும் தன் பொறுப்பில் ஏற்குமாயின், பிறர் வெட்டிய வாய்க்காலில் நீர் பெறும் நிலையிலிருந்து கரை காக்கும் நிலைக்கு நம் மாணவர்கள் உயர்வர் என்பது உறுதி.